கண்ணாடி அலமாரி புக்கை ஏன் விக்கறதில்ல: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாசகர்கள் எல்லாருக்கும் கொடைக்கானல்ல இருந்து வணக்கம்.

இந்த மே மாச சீசன்ல கடைக்கு வந்தவங்கள்ல நெறைய பேரு ஒரே கேள்வியத்தான் கேட்டுட்டு போனீங்க, கல்லாவுக்கு பின்னாடி கண்ணாடி அலமாரில அத்தன காமிக்ஸ் இருக்கே, படிக்க மட்டும் குடுக்கறீங்க விக்க மாட்டேங்கறீங்களே ஏன்னு. திண்டுக்கல்ல இருந்து குடும்பத்தோட வந்த ஒரு அண்ணன் சின்ன வயசுல தொலைச்ச ஒரு ராணி காமிக்ஸ அந்த அலமாரில பாத்துட்டு ரெண்டு மடங்கு காசு தரேன்னாரு, நான் முடியாதுன்னதும் முகம் வாடிப் போச்சு. கூட்ட நேரம், நின்னு வெவரம் சொல்ல முடியல, அது அன்னைல இருந்து மனசுல கெடந்து உறுத்துது. இப்ப மழை பிடிச்சிருச்சு, ஏரி ரோடு பூரா மேகம் எறங்கி நிக்குது, கடைல ஆள் இல்ல, அதான் உக்காந்து எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அந்த அலமாரில இருக்கற ஹீரோ எல்லாம் ஒத்திக்கு வந்தவங்க. அதாவது அந்த புக்க போட்ட கம்பெனிக்கு அந்த கேரக்டர் சொந்தம் கெடயாது, சொந்தக்காரங்க வேற எங்கயோ இருக்காங்க, நாவல் எழுதினவரோட கம்பெனியோ சினிமாக்காரங்களோ பொம்மை கம்பெனியோ பேப்பருக்கு படக்கதை விக்கற ஏஜென்சியோ. அவங்ககிட்ட இத்தன வருசத்துக்குன்னு பேசி பணம் கட்டி லைசென்ஸ் வாங்கி கதை போடறாங்க. நம்ம மலைல பேரிக்கா தோட்டத்த ஒத்திக்கு எடுக்கற மாதிரின்னு வச்சுக்கோங்க, காலம் முடிஞ்சா தோட்டம் ஒடையவருக்கு திரும்பிரும். நடுவுல நீங்க நட்டு வளத்த மரம் யாருக்குங்கறதுதான் சண்டையே. காமிக்ஸ் ஒலகத்துல இந்த சண்டைனாலதான் எத்தனையோ நல்ல கதை அச்சுக்கே திரும்ப வராம கெடக்கு. ஒரு பிரதி போனா போனதுதான்.

இது நேத்து ஆரம்பிச்சதில்ல. 1904ல அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல ஒலக கண்காட்சி நடந்தப்ப ரிச்சர்ட் அவுட்கால்ட்டுன்னு ஒரு கார்ட்டூனிஸ்ட் தன்னோட பஸ்டர் பிரவுன்ங்கற சுட்டிப்பையன் படத்த வேணுங்கற வியாபாரிக்கெல்லாம் எழுதிக் குடுத்தாரு, ஷூவுல இருந்து எல்லாத்துலயும் அந்த பையன் மூஞ்சி. அப்ப காமிக்ஸ்ல இருந்து சரக்குக்கு போச்சு. பின்னாடி திசை மாறி சினிமா, ரேடியோ, நாவல், பொம்மைல இருந்தெல்லாம் ஆளுங்க காமிக்ஸுக்குள்ள வர ஆரம்பிச்சாங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச கதை டெல் காமிக்ஸ் கதை, நம்ம அலமாரியோட மேல் தட்டு பூரா அதான். இங்க ஒரு காலத்துல அமெரிக்க மிஷனரி குடும்பங்க நெறைய இருந்தது ஒங்களுக்கே தெரியும், அவங்க பங்களாவ காலி பண்ணிட்டு ஊருக்கு கெளம்பும்போது அப்பா எடைக்கு வாங்கி வச்சதுதான் அந்த டொனால்ட் டக்கு, பக்ஸ் பன்னி எல்லாம். அட்டைல டெல்னு இருந்தாலும் உள்ள வேலை பூரா பாத்தது விஸ்கான்சின்ல ரேசின்ங்கற ஊர்ல இருந்த வெஸ்டர்ன்ங்கற அச்சகம். 1933லயே டிஸ்னிகிட்ட லைசென்ஸ் வாங்கிட்டாங்க. கதை எழுதற ஆளு, படம் போடற ஆளு, அச்சு எல்லாம் வெஸ்டர்ன் பாத்துக்கும், பணம் போட்டு கடைகளுக்கு அனுப்பறது டெல். ஒரு அச்சாபீஸ் ஊர்ல இருந்து ஒரு நாட்டுக் கொழந்தைங்க எல்லாம் படிக்கற காமிக்ஸ் போறதுன்னா நமக்கு ஒடனே சிவகாசி ஞாபகம் வரும்ல, எனக்கு அத மொதல்ல தெரிஞ்சுக்கிட்டப்ப அவ்ளோ சந்தோசமா இருந்துச்சு. 1950கள்ல டிஸ்னியோட மாசப் புத்தகம் 30 லட்சம் பிரதி வரைக்கும் வித்திருக்கு. 1962ல ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க, லைசென்ஸ் எல்லாம் வெஸ்டர்ன் பேர்ல இருந்ததால பெரும்பாலான ஹீரோங்க அவங்களோடயே போயிட்டாங்க, கோல்ட் கீன்னு புதுப் பேர்ல வந்தாங்க. அதனால ஒரே வாத்து, ஒரே ஓவியர், அட்டைல மட்டும் வேற பேரு இருந்தா கொழம்பாதீங்க.

அந்த வாத்துக் கதைங்கள்ல ரொம்ப நல்லா இருக்கறதெல்லாம் கார்ல் பார்க்ஸ் எழுதி வரஞ்சது. கஞ்சப் பணக்கார வாத்து அங்கிள் ஸ்க்ரூஜ உருவாக்கினவரே அவருதான், 1947ல. ஆனா புக்குல அவரு பேரே வராது, டிஸ்னி பேரு மட்டும்தான் இருக்கும், பக்கத்துக்கு இவ்ளோன்னு கூலி, அதோட சரி. படிச்ச பிள்ளைங்க இவரு வரஞ்சத மட்டும் தனியா கண்டுபிடிச்சு நல்ல வாத்து ஓவியர்னு பேரு வச்சு கூப்பிட்டாங்க, 1960 வாக்குலதான் ஒண்ணு ரெண்டு பேரு விசாரிச்சு அவரு நெசப் பேரையே தெரிஞ்சுக்கிட்டாங்க. ரிட்டையர் ஆன பிறகு அந்த வாத்துங்கள ஆயில் பெயின்டிங்கா வரஞ்சு விக்கணும்னு ஆசப்பட்டப்ப டிஸ்னிகிட்ட அனுமதி கேட்டு வாங்கித்தான் 1971ல ஆரம்பிச்சாரு, வேற யாரோ அந்த பெயின்டிங்க திருட்டுத்தனமா பிரின்ட் போட்டு வித்ததுல 1976ல அந்த அனுமதியும் போச்சு. தன் கையால பெத்த பிள்ளைய வரையறதுக்கு ஊரான்கிட்ட சீட்டு வாங்கணும். இத எழுதும்போதே எனக்கு தொண்டை அடைக்குது. 2000ல 99 வயசுல எறந்தாரு. மேல் தட்டுல இருக்கற அவரோட புக்குங்க எல்லாத்துலயும் உள்ள ஒரு சின்ன துண்டுச்சீட்டுல அவரு பேர எழுதி வச்சிருக்கேன், தயவுசெஞ்சு எடுத்து போட்ராதீங்க.

அடுத்து டார்சான். 207ஆம் இதழ்ல இருந்து இருக்கே, மொத 206 எங்கன்னு கேட்டவங்களுக்கு இது. 1948ல டெல்ல ஆரம்பிச்சு 62ல கோல்ட் கீக்கு போய் 206 வரைக்கும் வந்துச்சு, 1972ல டார்சான் நாவல் எழுதின எட்கர் ரைஸ் பரோஸோட கம்பெனி லைசென்ஸ டிசிங்கற காமிக்ஸ் கம்பெனிக்கு குடுத்துட்டாங்க, அவங்க பழைய நம்பர விடாம 207னு தொடங்கினாங்க, ஜோ கூபர்ட் வரஞ்சது, பிரமாதமா இருக்கும். 258ஓட அது நின்னு 1977ல மார்வெல் மறுபடி 1ல இருந்து போட்டாங்க. ஆக ஒரே ஆளு நாலு வீடு மாறியிருக்காரு. கோனன்ங்கற வாள் வீரனும் அப்படித்தான், 1970ல மார்வெல், 2003ல டார்க் ஹார்ஸ், 2019ல திரும்ப மார்வெல், 2023ல டைட்டன்.

ஸ்டார் வார்ஸ் பத்தி எல்லாருக்கும் தெரியும்னாலும் ஒண்ணு சொல்லிடறேன். 1977ல படம் ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடியே மார்வெல் காமிக்ஸ் கடைக்கு வந்துருச்சு, அந்த நேரம் கம்பெனி பண நெருக்கடில இருந்துச்சு, அத காப்பாத்தினதே ஸ்டார் வார்ஸ்தான்னு அடுத்த வருசம் அங்க தலைமை எடிட்டர் ஆன ஜிம் ஷூட்டரே சொல்லியிருக்காரு. அவ்ளோ பெரிய ஹீரோங்க எல்லாம் வச்சிருந்த கம்பெனிய ஒரு ஒத்திக்காரர் வந்து தூக்கி விட்டிருக்காரு. 86ல நின்னு, 91ல டார்க் ஹார்ஸுக்கு போய், 2012ல டிஸ்னி அந்த படம் எடுத்த லூகாஸ்ஃபில்ம வாங்கினதும் 2015ல திரும்ப மார்வெலுக்கே வந்துருச்சு.

இப்ப நான் பண்ணின தப்பு ஒண்ண சொல்லணும். ரோம்னு ஒரு வெள்ளி ரோபோ மாதிரி ஆளு, பார்க்கர் பிரதர்ஸ் 1979ல விட்ட பொம்மை, பொம்மை சரியா விக்கல, ஆனா மார்வெல் போட்ட காமிக்ஸ் மட்டும் பில் மான்ட்லோ எழுத்துல, பெரும்பாலும் சால் புசிமா படத்துல 1986 வரைக்கும் 75 இதழ் ஓடுச்சு. அப்பா அதுல நாப்பதுக்கும் மேல சேத்து வச்சிருந்தாரு. அப்பா எறந்த வருசம் கடை கடன்ல இருந்துச்சு, வந்த ஒருத்தருக்கு அத மொத்தமா சொற்ப காசுக்கு குடுத்துட்டேன், மறுபதிப்பு வரும்ல அப்ப வாங்கி வச்சுக்கலாம்னு நெனச்சேன். வரவே இல்ல. ஏன்னு தேடிப் பாத்தப்பதான் லைசென்ஸ்னா என்னன்னே எனக்கு புரிஞ்சுச்சு. லைசென்ஸ் முடிஞ்சதும் ரோம்ங்கற பேரும் உருவமும் பொம்மைக்காரங்களுக்கு போயிருச்சு, கதைல மார்வெல் உருவாக்கின மத்த வீரருங்க மார்வெல்கிட்டயே தங்கிட்டாங்க, தோட்டம் ஒருத்தருக்கு மரம் ஒருத்தருக்குன்னு ஆயிருச்சு. அவங்க அந்த வீரருங்கள வச்சு ரோம் இல்லாம கதை போடலாம், பொம்மை உரிமை வச்சிருக்கற ஹாஸ்ப்ரோகிட்ட லைசென்ஸ் வாங்கின வேற கம்பெனி 2016ல அந்த வீரருங்க இல்லாம ரோம மட்டும் வச்சு போட்டாங்க, ஆனா பழைய 75ஐ யாரும் அச்சடிக்க முடியல. கடைசில மார்வெலும் ஹாஸ்ப்ரோவும் ஒத்து வந்து 2024லதான் கெட்டி அட்டைத் தொகுப்பா வந்துச்சு. கிட்டத்தட்ட 38 வருசம். அதோட வெல நம்ம கடை ஒரு மாச வாடகை, என்னால வாங்க முடியல. அந்த வித்த நாப்பது புக்கும் இப்ப இருந்தா வர்ற பிள்ளைங்களுக்கு காட்டியிருப்பேன்.

இதே சிக்கல புத்தியா தாண்டினவங்களும் இருக்காங்க. லண்டன்ல மார்வெல் யூகே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் போட்டுட்டு இருந்தப்ப சைமன் ஃபர்மன்ங்கற எழுத்தாளர் டெத்ஸ் ஹெட்னு ஒரு கூலிக்கொலைகார ரோபோவ உருவாக்கினாரு. அது நேரா டிரான்ஸ்ஃபார்மர்ஸ்ல வந்தா ஹாஸ்ப்ரோவுக்கு சொந்தமாயிரும்னு ஒரே ஒரு பக்கத்துல ஒரு குட்டிக் கதை போட்டு, அத தங்களோட மத்த புக்குங்கள்ல வெளியிட்டு, ஆள சொந்த மண்ணுல நட்டுட்டாங்க. அதனால அவன் இன்னும் மார்வெல் ஆளு.

இப்ப நம்ம ஊருக்கு வரேன். கடைல வந்து மாயாவி இருக்கான்னு கேப்பீங்க, எந்த மாயாவின்னு நான் திருப்பிக் கேட்டா சிலருக்கு கோவம் வருது. ரெண்டு மாயாவி இருக்காங்க. ஒருத்தர் இரும்புக்கை மாயாவி, 1972ல முத்து காமிக்ஸோட மொத இதழே அவருதான், கரண்ட்ட தொட்டா ஒடம்பு மறஞ்சு இரும்புக்கை மட்டும் தெரியும். அவரு ஊரு லண்டன், 1962ல வேலியன்ட்ங்கற வார இதழ்ல ஸ்டீல் க்ளாங்கற பேர்ல வந்தவரு, வரஞ்சது ஜீசஸ் பிளாஸ்கோங்கற ஸ்பெயின்காரரு. இன்னொருத்தர் லீ ஃபாக் 1936ல எழுத ஆரம்பிச்ச ஃபேன்டம், கிங் ஃபீச்சர்ஸ் ஏஜென்சிக்கு சொந்தம், 1964ல டைம்ஸ் ஆஃப் இந்தியாக்காரங்க இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கினதே அவர வச்சுத்தான். தமிழ்ல அவரு ஒரு எடத்துல வேதாளர், ராணி காமிக்ஸ்ல முகமூடி வீரர் மாயாவி. லைசென்ஸ் வாங்கின ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பேரு வச்சாங்க, ஒரே ஆளத்தான் வேற வேற ஆளுன்னு நெனச்சு நாம எல்லாம் வளந்தோம்.

ரெண்டு பேரு நெலமையும் வேற. இரும்புக்கை மாயாவியோட உரிமை லண்டன்ல கை மாறி கை மாறி 2018ல ரெபெல்லியன்ங்கற கம்பெனிகிட்ட போய் சேந்துச்சு, யாருகிட்ட கேக்கணும்னு தெளிவா இருக்கறதால புதுசா வர்றதுக்கு வழி இருக்கு, அவரோட மறுபதிப்பு எல்லாம் நான் விக்கறேன், வாசல் ரேக்குலயே இருக்கு. ஆனா திண்டுக்கல் அண்ணன் கேட்ட 1984 ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்ட், லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸ்ல 1958ல இருந்து வந்த படக்கதைய தமிழாக்கினது, அந்த தமிழ்ல அந்த அட்டையோட திரும்ப வந்து நான் பாக்கல. அதான் அண்ணே குடுக்கல, ஒங்க மேல எதுவும் இல்ல.

அப்புறம் ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க, போன்ல பக்கம் பக்கமா போட்டோ எடுத்துக்கறேன்னு கேக்கறீங்க. முடியாதுங்க. சிவகாசில இருந்து இன்னைக்கும் டெக்ஸ் வில்லர், லக்கி லூக், கேப்டன் டைகர்னு இத்தாலி, பிரெஞ்சு கதைங்கள தமிழ்ல கொண்டு வர்றாங்க, ஒவ்வொரு புக்குக்கும் வெளிநாட்டுக்கு ராயல்டி கட்டித்தான் வருது. புது புக்கு வெல ஏறிப் போச்சுன்னு வருத்தப்படறீங்க, அந்த வெலைல பேப்பர், கலர் அச்சு, மொழிபெயர்ப்போட அந்த ராயல்டியும் இருக்கு. விக்கற பிரதி கொறஞ்சா அடுத்த லைசென்ஸ் வாங்க முடியாது. நம்ம கடைலயே ஜெராக்ஸ் ஓடினா அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கறது.

அதனால நாங்க முடிவு பண்ணினது இதுதான். மறுபதிப்பு வரக்கூடிய புக்கு எல்லாம் விற்பனைக்கு. கண்ணாடி அலமாரி புக்கு கடைல உக்காந்து படிக்க மட்டும், கட்டணம் கெடயாது, கை கழுவித் தொடச்சிட்டு வாங்க, டீ கிளாச வாசல் பெஞ்சுலயே வச்சிருங்க. இந்த ஈரத்துல பின்னு துரு பிடிச்சு நடுப்பக்கம் கழன்டு வருது, பிளாஸ்டிக் கவர் மலைல கூடாதுங்கறதால பட்டர் பேப்பர்ல சுத்தி வசம்பு போட்டு வச்சிருக்கேன், வாடை வந்தா முகம் சுளிக்காதீங்க. அந்த புக்கோட மறுபதிப்பு எப்ப வருதோ அன்னைக்கு பழைய பிரதியும் விற்பனைக்கு வந்துரும், மொதல்ல கேட்டவங்க பேரு நோட்டுல இருக்கு.

மழை விடற வரைக்கும் கடை காலைல 10ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும்தான், கரண்ட் போனா சீக்கிரமே சாத்திருவோம். திண்டுக்கல் அண்ணே, அந்த ஜேம்ஸ் பாண்ட தனியா எடுத்து வச்சிருக்கேன், பசங்களக் கூட்டிட்டு வாங்க, ஜன்னல் ஓரத்து நாற்காலி ஒங்களுக்கு.