ஏஜென்ட் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வியாழக்கிழமை ராத்திரி நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நீ சொன்னது எனக்குப் புரிந்தது. இணையத்தில் வீடியோ போடுகிறவர்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் உங்கள் ஆபீசில், உன் பொறுப்பில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் தலைமுடி எண்ணெய்க்கு ஒரு ரீல்ஸ் போட்டாள். பிராண்ட் கொடுத்தது 2 லட்சம். உங்கள் ஆபீஸ் அவளிடம் "பட்ஜெட்டே 80,000 தான்" என்று சொல்லி, அதிலும் 20 சதவீதம் கமிஷன் பிடித்துக்கொண்டு 64,000 அனுப்பியது. அவள் எங்கேயோ மோப்பம் பிடித்து, "அக்கா, உண்மையா எவ்வளவு வந்துச்சு?" என்று உன்னைக் கேட்கிறாள். உன் மேலதிகாரி வாயைத் திறக்காதே என்கிறார். "நீங்களா இருந்தா என்னப்பா செஞ்சிருப்பீங்க?" என்றாய்.

நான் என்ன செய்தேன் என்பதையே எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது எதிர்வீட்டு ஆச்சி உன் வேலை என்ன என்று கேட்டார்கள். உன் அம்மா "பம்பாயில விளம்பரக் கம்பெனி" என்றாள். நான் "நாடக ஏஜென்ட், அப்பன் தொழில்" என்றேன். நீ சிரித்தாய். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊர்த் திருவிழாவில் ராத்திரி நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் திண்டுக்கல்லில் இருப்பார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் மதுரையில், கோமாளியான பபூன் புதுக்கோட்டையில், ஆர்மோனியம் காரைக்குடியில். ஒத்திகையும் கிடையாது. திருவிழா வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் என்னிடம் வருவார்கள். ஒவ்வொருவரிடமும் தேதி கேட்டு, அச்சாரம் கொடுத்து, நோட்டீஸ் அடித்து, அன்று ராத்திரி பத்து மணிக்கு எல்லாரையும் ஒரே பந்தலில் கொண்டுவந்து நிறுத்தவேண்டியது என் வேலை. நூற்றுக்குப் பத்து கமிஷன். நீ பம்பாய் அந்தேரியில் உட்கார்ந்துகொண்டு மதுரையில் ஒருத்தி, ஐதராபாத்தில் ஒருவன் என்று பதினான்கு பேருடைய தேதியைப் பார்க்கிறாயே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? என் நோட்டு காக்கி அட்டை போட்டது. உன்னுடையது எக்செல்.

நோட்டீசில் யார் படம் பெரியது, யார் பெயர் முதலில் என்று எனக்கு வராத பஞ்சாயத்து இல்லை. மாட்டுப் பொங்கலன்று கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு, "டேக்ல எங்க ஆளு பேருதான் முதல்ல வரணும்" என்று நீ யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாய். கேட்டுக்கொண்டே காபி குடித்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவ்வளவு ருசியாக இருந்தது.

எங்கள் காலத்தில் சில ஊர்களில் பேசிய பணத்தைக் குறைத்துவிட்டு ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு அது பார்ட்டர் என்று பெயர் மாறியிருக்கிறது, பணத்துக்குப் பதிலாகப் பொருள். துண்டுக்கு யாரும் வரி கேட்கவில்லை. இப்போது 2022 ஜூலையிலிருந்து, ஒரே கம்பெனி ஒரு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது வரிப் பிடித்தம், உண்டு என்று நம் ஆடிட்டர் சொன்னார். வீடியோ எடுத்துவிட்டு, விளம்பரத்துக்கு வந்த போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை, வைத்துக்கொண்டால் உண்டு. உன்னிடம் இருக்கும் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இலவசமாக வந்த போன் என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிவான். வரி நோட்டீஸ் வரும்போது உன்னைத்தான் தேடுவான்.

நீ மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போன ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தேன். என் ஆங்கிலம் தட்டுத்தடுமாறும், பாதியை உன் தம்பி படித்துச் சொன்னான். அதில் ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. அந்தப் பெண் நடித்த வீடியோவைப் பிராண்ட் எங்கே வேண்டுமானாலும், எந்த வடிவில் வேண்டுமானாலும், என்றென்றைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாமாம்.

என்றென்றைக்கும்! 1980களின் கடைசியில் எங்களிடம் ஒரு கேசட் கடைக்காரர் வருவார். நம் மைக்குப் பக்கத்தில் தன் மைக்கையும் கட்டிவிட்டு, ஆளுக்கு ஐம்பது ரூபாயும் வெற்றிலை பாக்கும் கொடுப்பார். கலைஞர்களுக்குச் சந்தோஷம், நம் குரல் கேசட்டில் வருகிறதே என்று. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். அந்த கேசட் அறந்தாங்கியிலிருந்து ராமநாதபுரம் வரை ஒவ்வொரு டீக்கடையிலும் ஓடியது. பணம் வராமல் போனதுகூடப் பெரிதில்லை. அடுத்த வருஷம் நம் பபூன் மேடை ஏறினால், அவர் வாயைத் திறக்கும் முன்பே பிள்ளைகள் முன்வரிசையிலிருந்து நகைச்சுவையைச் சொல்லி முடித்துவிடும். மாற்றிச் சொன்னால் "கேசட்டுல இருக்கிற மாதிரி இல்லையே" என்று கமிட்டிக்காரர் என்னிடம் பணத்தைக் குறைப்பார். ஐம்பது ரூபாய்க்கு அந்த மனிதர் தன் பத்து வருஷத்துச் சரக்கை விற்றுவிட்டார். விற்றுக் கொடுத்தவன் நான்.

ஆகையால் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கணக்குப் போட்டுக் கொடு. அதற்குமேல் வேண்டுமென்றால் மேலும் பணம் என்று எழுது. அந்த முகத்தை வைத்து அவர்கள் தனியாக விளம்பரம் ஓட்டுவதற்குத் தனி விலை. வேறு எண்ணெய்க்கு நடிக்கக்கூடாது என்று எத்தனை மாதம் கட்டிப்போடுகிறார்களோ, அந்த மாதங்களுக்கும் விலை. கட்டிப்போட்ட மாட்டுக்கும் தீனி வேண்டும் இல்லையா?

பணம் 90 நாள் கழித்து வருகிறது என்று நீ புலம்பியதற்கும் ஆடிட்டரைக் கேட்டேன். உத்யம் என்னும் அரசுப் பதிவு செய்துகொண்ட சிறு தொழில்காரருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக்கூடாது என்று 2006-லேயே சட்டம் இருக்கிறதாம். கேமரா முன்னால் நிற்பதும் தொழில்தானே, பதிவு செய்துகொள்ளச் சொல். எனக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒரு சட்டம் இல்லை. விடிந்ததும் கமிட்டித் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வேன், பணம் வரும்வரை எழுந்திருக்கமாட்டேன்.

ஒரு விஷயத்தில் உன்னை மெச்சவேண்டும். ரம்மி விளம்பரம் கேட்டு வந்தவர்களை நீ திருப்பி அனுப்பினாய், ஆபீசில் திட்டு வாங்கினாய். அப்புறம் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே சட்டம் போட்டு, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் தடுத்தது. அதே போல, காசு வாங்கிப் போடும் வீடியோவில் விளம்பரம் என்று தெரியும்படி போட மறுக்கும் பிராண்ட் வந்தாலும் விடாதே. 2021-ல் விளம்பரக்காரர்கள் தங்களுக்குள்ளே விதி போட்டுக்கொண்டார்கள். மறு வருஷம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் வழிகாட்டு நெறிகள் போட்டது. ஏமாற்று விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரை போகும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. கேமரா முன்னால் சிரித்தவரும் அந்தக் கணக்கில் உண்டு. பேசி முடிப்பது நீ, மாட்டுவது அந்தப் பிள்ளை.

டிக்டாக் போன கதையை உன்னிடமே நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜூன் 29 ராத்திரி, லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் விடிந்தபோது வெறுங்கையோடு நின்றார்கள். அந்த வருஷம் எங்களுக்கும் அதே கதி. மாசி தொடங்கி ஆடி வரை எங்கள் பிழைப்பு. மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் என் நோட்டில் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் சிவப்பு மையில் அடிபட்டன. அச்சாரத்தைத் திருப்பிக் கேட்ட ஊர்களும் உண்டு, வைத்துக்கொள்ளுங்கள் என்ற ஊர்களும் உண்டு. நீ வீட்டு மாடியில் உட்கார்ந்து யார் யாருக்கோ வீடியோ வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தது அப்போதுதான். மறு வருஷம் நம் மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில், வயல் நடுவே சமைத்துக்காட்டும் தாத்தாவும் பேரன்களும் யூடியூபில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். அதற்குப் பிறகுதான் இது வேலைதான் என்று உன் அம்மா ஒத்துக்கொண்டாள்.

சரி, கேள்விக்கு வருகிறேன்.

1996 சித்திரை. அறந்தாங்கிக்கு அப்பால் ஒரு ஊர். ஸ்திரீபார்ட்டுக்கு அவர்கள் கொடுத்தது 1,500 ரூபாய். அந்த அம்மாவிடம் நான் 1,100 என்றேன். அந்த வருஷம் உன் பாட்டிக்கு ஆபரேஷன், காரணம் அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆபரேஷனுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது.

ராத்திரி மூன்று மணி இருக்கும். வள்ளி வேஷத்தில் அந்த அம்மா பாடிக்கொண்டிருக்கிறார், கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் மாலையோடு மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். "அம்மாவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கோம், அந்தப் பணம் இந்த ஒரு பாட்டுக்கே காணாது" என்றார். புகழ்ந்துதான் சொன்னார். ஊரே கை தட்டியது. நான் ஆர்மோனியத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. மாலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சுருதி பிசகாமல் எடுத்தார்.

விடிந்து பஸ் நிறுத்தத்தில் வைத்து 1,100 ரூபாயைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். அதிலிருந்து 110 ரூபாயை எடுத்து, வழக்கம்போல, "கமிஷன்" என்று என் கையில் வைத்தார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் அப்போதே தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு நான் எப்போது தேதி கேட்டாலும் "அன்னைக்கு வேற ஊரு இருக்கே" என்பார். இரண்டு வருஷத்துக்குள் அவரோடு சேர்ந்து நடிக்கும் ராஜபார்ட்டுக்கும் அந்த "வேற ஊரு" வந்துவிட்டது. அப்புறம் பபூனுக்கு.

ஊரடங்கில் நாடகச் சங்கத்துக்காரர்களோடு அரிசி மூட்டை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். வயதாகிவிட்டது, அடையாளம் கண்டுகொண்டார், தண்ணீர் கொடுத்தார். மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "இது என்ன விலைங்க?" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "உள்ளதைச் சொல்லுங்க" என்றார். 24 வருஷம் கழித்து! அப்போதும் அந்த 400 ரூபாயை எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அரிசியில் சேர்ந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உன் ஆபீசுக்குக் கமிஷன் வேண்டும், எனக்குத் தெரியும். 20 போதவில்லை என்றால் 30 என்று அந்தப் பெண்ணிடமே நேராகக் கேட்கட்டும். அவள் ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொள்கிறாள், இல்லாவிட்டால் போகிறாள். வந்தது 2 லட்சம் என்று நீ சொல்லிவிடு. வேலை போனால் வீடு இருக்கிறது. இது அப்பன் பேச்சு என்று தள்ளாதே, உனக்குத் தெரிந்த அந்தப் பதினான்கு பேரும் உன் ஆபீசை நம்பி வந்தவர்கள் இல்லை, உன் நம்பருக்குத்தான் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன் பண்ணுகிறார்கள்.

1996 நோட்டைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். பக்கத்துக்கு இரண்டு பத்தி இருக்கும், 'ஊர் கொடுத்தது' என்று ஒன்று, 'ஆர்ட்டிஸ்டுக்கு' என்று ஒன்று. சித்திரைப் பக்கத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பி அனுப்பிவிடு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு: நீ கொடுத்துவிட்டுப் போன மூன்று பாட்டில் எண்ணெயில் ஒன்று தீர்ந்துவிட்டது. முடி கொட்டுவது நிற்கவில்லை என்று அம்மா சொல்லச் சொன்னாள்.