மேடைப் பாட்டு ஒரே தடவையில் விளங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில இசை நாடகப் பாடலாசிரியர் டிம் ரைஸ் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் அவருடைய மூன்று ஆஸ்கர் விருதுகளும் வரிசையாக வந்துவிட்டன. அவர் தொழில் செய்த விதம்தான் விடுபட்டுப் போனது. அவர் பாட்டு எழுதிய 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்ற இசை நாடகம் 1970இல் இசைத்தட்டாக வந்து, 1971இல்தான் மேடை ஏறியது. மேடையேற்ற ஆள் கிடைக்காமல் அவரும் இசையமைப்பாளரும் தட்டில் தொடங்கினார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவருடைய அடுத்த நாடகங்களில் 'எவிட்டா' தட்டு 1976, மேடை 1978. 'செஸ்' தட்டு 1984, மேடை 1986. அரங்குக்கு வந்த பலருக்குப் பாட்டு முன்பே மனப்பாடம்.

சிங்கப்பூரில் தமிழ் இசை நாடகம் பெரும்பாலும் ஒரு வார இறுதியோடு முடிந்துவிடும். சினிமாப் பாட்டு பத்தாவது தடவை புரிந்தாலும் போதும். மேடைப் பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே குழுவினர் இரண்டு பாடல்களையாவது பதிவு செய்து, டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளிலேயே வெளியிடலாம்.

மற்றது எழுதுபவர் கையில். இசையமைப்பாளர் 'தன்னானா' போட்டு அனுப்பும் மெட்டில் சுரம் எங்கே நீள்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டு, அங்கே நெடிலை வைக்க வேண்டும். குறிலை வைத்தால் பாடுபவர் இழுத்தே தீருவார்: 'மலை' 'மாலை' ஆகும், நாயகி 'என்னை விடு' என்று கதறினால் சபையின் காதில் 'வீடு' விழும். அடியின் கடைசியில் நீளும் சுரத்துக்குக் 'காற்று', 'பாட்டு' போன்ற குற்றியலுகரச் சொற்களும் (குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடிபவை) ஆகாது, 'காற்றூ' என்று ஊதும். 'காற்றே' என்றால் வாய் தாராளமாகத் திறக்கும். நம் பாட்டுகளில் கண்ணே, பொன்னே என்று விளி கொட்டிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்! மூச்சு விடும் இடத்தையும் பார்க்க வேண்டும். 'தாமரை'க்கு நடுவில் மூச்சு விழுந்தால் 'தா, மரை' என்று வன்பொருள் கடையில் மரையாணி கேட்பதுபோல் ஆகிவிடும்.

இளம் பாடகர்களுக்கு வரிகளை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் இங்கே பெரிய தொல்லை. வலி, வளி, வழி மூன்றும் ஒன்றாகிவிடும். தமிழில் கொடுங்கள். படிக்கத் திணறுபவருக்குப் பாடலாசிரியரே வரிகளை மெட்டில்லாமல் பேசிப் பதிந்து அனுப்பட்டும். அரை மணி நேர வேலை.

கடைசியாக, நிகழ்ச்சிக் கையேடு. இசையமைப்பாளர், நடன அமைப்பாளர் பெயரெல்லாம் இருக்கும், பாட்டு எழுதியவர் பெயர் இருக்காது. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரை அடையாளம் காட்டச் சொல்கிறது. வரியும் மெட்டும் தனித்தனிப் படைப்புகள். ஆகவே 'இசை' என்ற ஒரு வரிக்குள் இருவரையும் அடக்கிவிட முடியாது.

மேடைப் பாடல் ஆர்வலர்,
தோ பாயோ