ரமணர் வாழ்க்கைக் கண்காட்சி வைக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். ரமணரின் பிறந்த நட்சத்திரமான மார்கழிப் புனர்பூசத்தை ஒட்டி அவர் வாழ்க்கையைப் படப்பலகைகளாக வைக்கும் ஊர்க் குழுக்கள், பள்ளிகள், சபாக்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறோம். உங்கள் பக்தியில் எங்களுக்குக் குறையில்லை. கணக்கில்தான் இருக்கிறது.

"மரண பயம் வந்தது, உடனே வீட்டைத் துறந்தார், அருணாசலம் அடைந்தார்" என்று ஒரே பலகையில் முடித்துவிடுகிறீர்கள். அந்த 'உடனே' தவறு. மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் அந்த அனுபவம் நேர்ந்தது 1896 ஜூலை நடுவில். வீட்டைவிட்டுக் கிளம்பியது ஆகஸ்ட் 29. நடுவில் ஆறு வாரம் வெங்கடராமன் (அப்போது ரமணரின் பெயர் அதுதான்) பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறார். மீனாட்சியம்மன் கோயிலில் அறுபத்துமூவர் முன்னால் நின்று கண்ணீர் விட்டிருக்கிறார். படிப்பில் மனம் ஒட்டாமல் அண்ணனிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். இந்த ஆறு வாரத்துக்கு ஒரு பலகை ஒதுக்குங்கள். '17 வயதில்' என்று போடுவதையும் திருத்துங்கள். பிறந்தது 1879 டிசம்பர் 30 என்பதால் அப்போது 16 முடிந்து 17 நடந்துகொண்டிருந்தது. மாடியறையில் அவர் தனக்குள் பேசிக்கொண்டதாக மேற்கோள் குறிக்குள் போடும் நீளமான வசனம் பிற்காலத்தில் வரலாறு எழுதியவர் தம் நடையில் தொகுத்தது. மேற்கோள் குறியை எடுத்துவிட்டு "பின்னாளில் அவர் சொன்னதன் சாரம்" என்று போட்டால் போதும்.

பயணத்துக்கு வருவோம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 1 வரை, ஒவ்வொரு காசும் எங்கே போனதென்று தெரிந்த பயணம் இது. அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டச் சித்தி கொடுத்தது 5 ரூபாய். பழைய நிலப்பட ஏடு ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம்தான் என்று முடிவுகட்டி, 3 ரூபாய் போதும் என்று எடுத்துக்கொண்டு மீதி 2 ரூபாயை வைத்துவிட்டுப் போனார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே கிளைப்பாதை போட்டாகிவிட்டது அந்தப் படத்தில் இல்லை. ரயிலில் ஒரு மௌல்வி (இஸ்லாமிய சமய அறிஞர்) சொல்லித்தான் தெரிந்தது.

திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. ரூபாய்க்கு 16 அணா என்று ஓரத்தில் ஒரு வரி போடாவிட்டால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. 48 அணாவில் 45 போக மீதி 3. திருச்சியில் அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய். விழுப்புரத்தில் சாப்பாட்டுக்கடைக்காரர் பையில் எவ்வளவு என்று கேட்க, இவர் இரண்டரை அணா என்று சொல்ல, அவர் காசே வேண்டாம் என்றுவிட்டார். கையிலிருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் ரயில். அங்கிருந்து பத்து மைல் நடை, அறையணிநல்லூர்க் கோயில் வரை. சம்பந்தர் தூரத்திலிருந்து அண்ணாமலையைக் கண்டு பாடிய அதே ஊர். இதை எந்தக் கண்காட்சியும் சொல்வதில்லை. மறுநாள் கோகுலாஷ்டமி. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பாடு. கல் வைத்த தங்கக் கடுக்கனை அவரிடமே 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். முகவரிச் சீட்டு வாங்கி, தெருவுக்கு வந்ததும் கிழித்துப் போட்டார்.

ஓவியர்களுக்கு: கீழூர் வரை காதில் கடுக்கன் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு கூடாது. செப்டம்பர் 1 காலை அருணாசலேசுவரர் சந்நிதியில் நிற்பவருக்குக் குடுமியும் பூணூலும் வேட்டியும் உண்டு. மொட்டையும் கோவணமும் அதன்பிறகு, ஐயங்குளக்கரையில். தாடியோடு கமண்டலம் ஏந்தி ரயிலிலிருந்து இறங்குவதாக வரைவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அடுத்தது பெயர். 1896 வரை அவர் வெங்கடராமன். அதற்குப் பிறகு ஊரார் 'பிராமண சுவாமி' என்றார்கள். 'ரமண மகரிஷி' என்று வடமொழிப் புலவரான காவ்யகண்ட கணபதி முனிவர் பெயர் சூட்டியது 1907 நவம்பரில். வந்த புதிதில் அவர் அருணாசலேசுவரர் கோயிலுக்குள் இருந்த பாதாளலிங்கக் குகையின் பலகையில் "ரமணர்" என்று எழுதுவது அவசரம். சொந்த ஊரின் பெயரையும் பிழையின்றி எழுதுங்கள். திருவண்ணாமலையை அடுத்த குருமூர்த்தத்தில் மௌனமாக இருந்தபோது ஒருவர் விடாப்பிடியாகப் பெயரும் ஊரும் கேட்க, ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். திருச்சுழி என்பதன் 'ழ'கரத்தை அந்த எழுத்தில் படிக்க முடியாமல் கேட்டவர் திணற, பக்கத்திலிருந்த பெரியபுராணத்தைப் புரட்டி, சுந்தரர் பாடிய தலம் என்று ஊர்ப்பெயரை அச்சிலேயே காட்டினார். அப்படிப்பட்டவரின் பலகையில் 'திருச்சுளி' என்று பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

மலையில் இருந்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம்: விருபாட்சி குகை 1899 முதல் 1916 வரை, ஸ்கந்தாசிரமம் 1922 வரை. 'நான் யார்?' அவர் உட்கார்ந்து எழுதிய நூலாகத் தொடங்கியதல்ல. சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பரின் கேள்விகளுக்குச் சைகையிலும் எழுத்திலும் தந்த விடைகள் அவை; கட்டுரை வடிவம் பின்னால் வந்தது. கேள்விகளின் எண்ணிக்கை பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆகவே எண்ணைப் போடாதீர்கள். ஆசிரமம் கட்டிவிட்டுத் தாயை அழைத்துக்கொண்டார் என்பது தலைகீழ். தாய் அழகம்மாள் 1922 மே 19-இல் மறைந்தார், மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள், அந்த ஆண்டு டிசம்பரில் ரமணர் அங்கே இறங்கி வந்தார், அதைச் சுற்றித்தான் ஆசிரமம் எழுந்தது. கடைசிப் பலகையில் 1950 ஏப்ரல் 14, இரவு 8.47 என்று இருந்தால் போதும்.

ஒரு பலகைக்கு 60 சொல்லுக்கு மேல் வேண்டாம். நின்று படிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, மதுரை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர் எழுதி வைத்துவிட்டுப் போன கடிதம். பெரும்பாலும் அதை 'நான்' என்றே முழுக்க எழுதி, அடியில் 'வெங்கடராமன்' என்று கையெழுத்தும் போட்டுவிடுகிறீர்கள். கடிதம் 'நான்' என்று தொடங்குகிறது. இரண்டாம் வாக்கியத்தில் அதுவே 'இது' ஆகிவிடுகிறது. இடையில் சம்பளம் கட்டவில்லை, 2 ரூபாய் இருக்கிறது என்ற தகவலும் உண்டு. 'இப்படிக்கு' என்பதன் பின்னால் பெயர் இல்லை, ஒரு கோடு மட்டும். அச்சகத்தில் பிழை என்று நினைத்து நிரப்பிவிடுவார்கள். மெய்ப்பு வரும்போது அந்தக் கோட்டை நீங்களே பார்த்து விடுங்கள்.

அன்புடன்,
ரமணர் வரலாற்றைப் படித்துச் சரிபார்க்கும் சிலர்