ஜாக்கியை நம்பாதே

அன்புள்ள கண்ணுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நலம். அம்மாவின் இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இன்னும் இரண்டு வாரம் சொட்டு மருந்து. மாமா வீட்டு விசேஷத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன். வாட்ஸப்பில் எழுதினால் அம்மா எடுத்துப் படித்துவிடுவாள். அதனால்தான் தாளில் எழுதி, பருப்புப் பொடிப் பொட்டலத்துக்குள் வைக்கிறேன்.

நீ அனுப்பிய பதினொரு வீடியோவையும் பார்த்தேன். 1930 ஃபோர்டு மாடல் ஏ-யின் கூண்டு, துருவைக்கூடத் துடைக்காமல். அடியில் பெட்டிக் குழாயில் நீயே வெல்டிங் செய்த சேசிஸ். மட்கார்டு இல்லை, பானட் இல்லை, எஞ்சின் திறந்து கிடக்கிறது. பழைய கார்க் கூண்டை வைத்து வீட்டிலேயே கட்டும் ரேட் ராட் வண்டி என்றால் அப்படித்தான் என்கிறாய். முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பெயின்ட் அடிக்காத வண்டியை வெளியே விடுவது எங்கள் பட்டறையில் அவமானம். மூன்றாவது முறை பார்க்கும்போதுதான் புரிந்தது, இதில் எதையும் பெயின்டுக்குள் மறைக்க முடியாது, ஒவ்வொரு வெல்டிங்கும் ஊர் பார்க்கத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீன் செதில் போல ஒரே அளவில் விழுந்திருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் டீசலில் கை வைத்தவன் சொல்கிறேன், உனக்கு நல்ல கை. பட்டறைப் பையன்களையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

யாரோ எவரோ போட்ட வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்பதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. நான் இருந்தேனே. ஆனால் நீ பத்தாவது படிக்கும்போது, எஞ்சினின் டீசல் நாசிலைக் கழற்றிவிட்டுக் கரிக் கையோடு வந்து நின்ற உன்னை அறைந்தவனும் நான்தான். படிக்கிற பிள்ளை பட்டறைப் பக்கம் வரக்கூடாது என்று நினைத்தேன்.

எட்டாவது வீடியோவில் சேசிஸுக்கு அடியில் படுத்திருக்கிறாய். ஜாக்கி ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. ஜாக்கியை நம்பாதே. அது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. உள்ளே ஒரு சீல் கசிந்தால் போதும், சத்தமில்லாமல் இறங்கும். வண்டியைத் தாங்க நான்கு ஸ்டாண்டு வாங்கு. அது போக, சேசிஸுக்கு அடியில் ஒரு மரக்கட்டையும் கொடு.

எஞ்சினைப் பற்றி. ரொட்டி வண்டியிலிருந்து கழற்றிய கம்மின்ஸ், நான்கு சிலிண்டர், 3.9 லிட்டர். உழைக்கும் எஞ்சின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் எடை 340 கிலோவுக்கு வரும். உதறலும் அதிகம். அந்த உதறலில் எஞ்சினின் முன்பக்கத்து டைமிங் கேஸில் இருக்கும் டவல் பின் என்ற சின்ன ஊசி மெதுவாகக் கழன்று பற்சக்கரங்களுக்கு நடுவே விழும். அந்த ஊரில் அதற்குக் கொலைகார ஊசி என்றே பெயராமே, நீதான் சொன்னாய். பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. முன் மூடியைத் திறந்து, பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகடு வைத்து அந்தத் துளையை மறை. எஞ்சின் சேசிஸில் ஏறுவதற்கு முன்பே செய்.

பிரேக்கை முதலில் முடி. மாடல் ஏ பிறந்தபோது அதற்கு 40 குதிரைத்திறன், பிரேக் வெறும் இழுகம்பி. நீ வைப்பது 105. பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரைப் பழைய பெட்ரோல் காரிலிருந்து அப்படியே எடுத்து மாட்டிவிடாதே. டீசலில் காற்றை அடைக்கும் தட்டு கிடையாது, அதனால் பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சலும் கிடைக்காது. தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பக்கத்தில் ஒரு பலகை வைத்துக்கொள். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவின் சீல் போய் எண்ணெய் உள்ளே ஏறினால், சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது, தன் எண்ணெயையே குடித்துக்கொண்டு ஓடும். காற்று வாயைப் பலகையால் அடை. கையால் அடைக்காதே. நாசில் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதே, அட்டையைக் காட்டிப் பார். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் இருக்கும், விட்டால் கையையே எடுக்க வேண்டி வரும்.

காற்று வாயை உயரத்தில் வை. இண்டியானாபோலிஸுக்கு வந்திருந்தபோது அம்மிணி சொன்ன கதை நினைவிருக்கிறதா? நீ டிக்கெட் வாங்கப் போயிருந்தாய், அவள்தான் எனக்குப் பொறுமையாக விளக்கினாள். 1952-இல் கம்மின்ஸ் டீசல் கார் ஒன்று 500 மைல் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் ஓடி, பந்தயம் புறப்படும் வரிசையில் முதலிடம் பிடித்ததாம். பந்தயத்தில் 71 சுற்றோடு நின்றுவிட்டது. டர்போவின் வாய் தாழ்வாக இருந்ததால் பாதையில் கிடந்த ரப்பர் தூளும் குப்பையும் போய் அடைத்துக்கொண்டன. எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே அவ்வளவு அழகாகச் சொன்னாள்.

அவளிடம் பேசி எவ்வளவு நாள் ஆயிற்று.

நீ அனுப்பும் வீடியோ இங்கே பகல் ஒரு மணிக்கு வருகிறது. அங்கே அப்போது அதிகாலை மூன்றரை. முதல் நாலைந்து வீடியோவில் சுவரில் பாப்பாவின் ரோஸ் நிற சைக்கிள் மாட்டியிருந்தது. அதற்குப் பிறகு ஆணி மட்டும் இருக்கிறது. வெள்ளைக் கார் நிற்கும் இடத்தில் இப்போது உன் வெல்டிங் மெஷின். இடம் போதவில்லை என்று மாற்றி வைத்திருப்பாய். அம்மா உன்னிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்றாள். நானும் கேட்கவில்லை. ஷெட்டில் தனியாக இருக்கும்போது வண்டிக்கு அடியில் போகாதே, அவ்வளவுதான். ஸ்டாண்டு இல்லாமல் போகவே போகாதே.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கண்ணு. பெரியவள் போன அந்த ஆடியில் நான் பட்டறையிலேயே கிடந்தது உனக்குத் தெரியும். போர்வெல் போடும் ரிக் வண்டியின் கம்ப்ரசர் எஞ்சின், வடக்கே போக வேண்டிய வண்டி, முதலாளி அவசரப்படுத்துகிறார் என்று வீட்டில் சொன்னேன். இத்தனை வருடமாக எல்லாரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அவசரப்படுத்தவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர், ஆடி முடியட்டும், மெதுவாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பொய் சொன்னேன். பதினேழு இரவு. மாற்றத் தேவையில்லாத லைனரை மாற்றினேன். அளவு சரியாக இருந்த பேரிங்கை மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டினேன். வீட்டுக்குப் போனால் உன் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உனக்கு அப்போது நான்கு வயது. ஒரு ராத்திரி அவள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். வீட்டில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்றாள். நான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. தூக்கை வைத்துவிட்டுப் போ என்றேன். அவளுடைய கால்களை மட்டும்தான் பார்த்தேன், திரும்பி நடந்து போவதை. அதன் பிறகு அவள் அந்த வாசலை மிதித்ததே இல்லை. அம்மா ஏன் பட்டறைக்கு வருவதில்லை என்று நீ கேட்கும்போதெல்லாம், டீசல் வாடை அவளுக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த எஞ்சின் பன்னிரண்டு வருடம் திறக்காமல் ஓடியது. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கேட்கும்போது என்னால் தலை நிமிர்த்த முடிவதில்லை.

பொட்டலம் கிடைத்ததும், வந்தது என்று மட்டும் வாட்ஸப்பில் போடு. அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அழைக்கிறேன், உனக்கு வெள்ளி இரவு எட்டரை. ஷெட்டில் நின்றுகொண்டு எடுக்காதே, வீட்டுக்குள் இருந்து எடு. அம்மிணி அங்கே இருந்தால் அவளிடம் கொடு. பேசப் பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, காதில் வைத்துக்கொள்ளட்டும், நான் பேசுகிறேன். இல்லை என்றால் அவள் இருக்கும் இடத்து நம்பரைச் சொல்.

ஸ்டாண்டு வாங்கியதும் படம் எடுத்து அனுப்பு. நான்கும் தெரிய வேண்டும்.

அப்பா