அணைக்கு அடியில் இருந்த மண்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுரங்கக் கழிவுநீர் தற்செயலாக வெளியேறிவிட்டது என்ற விளக்கம் வரும்போதெல்லாம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2014 ஆகஸ்ட் 4 அன்று மவுண்ட் போலி சுரங்கத்தில், தாதுவைப் பிரித்தபின் மிஞ்சும் சேற்றுக் கழிவைத் தேக்கிவைத்த அணை உடைந்து, சுமார் 2.5 கோடி கன மீட்டர் நீரும் சேறும் ஹேசல்டைன் ஓடையை அரித்துக்கொண்டு குவெஸ்னல் ஏரிவரை பாய்ந்ததை நினைவுகூர வேண்டியிருக்கிறது. அணையின் அடித்தளத்துக்குக் கீழே இருந்த பழைய பனியாற்று ஏரிப்படிவின் (பனியாறு சார்ந்த பண்டைய ஏரியின் அடியில் படிந்த மண் அடுக்கின்) வலுவின்மையை வடிவமைப்பு கணக்கில் கொள்ளவில்லை என்று 2015 ஜனவரியில் சுயேச்சை நிபுணர் குழு கூறியது. குடிநீர் எச்சரிக்கையும் ஓடைச் சீரமைப்பும் அவசியம்தான். ஆனால் அவை உடைப்புக்குப் பிந்தையவை. கழிவின்மேல் நீரைத் தேக்காமல், வடிகட்டி உலர்நிலையில் அடுக்கும் முறையை நோக்கி நகருமாறு அக்குழு பரிந்துரைத்தது. செலவு கூடும் என்பது உண்மையே என்றாலும், புதிய சுரங்கங்களுக்கு அதையே அனுமதி நிபந்தனையாக அரசுகள் விதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்