பீச்சாங்குழலுக்கு ஒரு மோட்டார் கொட்டகை

கும்பகோணம் பக்கம்,
வைகாசி மாதம்

அன்புள்ள நெட்டைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகளும் இரண்டு வாண்டுகளும். அதோடு பேனாவை மூடியவன் இப்போதுதான் திறக்கிறேன். படி ஏறி இறங்குவதைக் குறை. டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய். இதற்கு மேல் உனக்கு நான் சொல்லி நீ கேட்கப் போவதில்லை.

இங்கே அரசலாறு மணலாகக் கிடக்கிறது. மேட்டூரில் ஜூன் 12 திறப்பார்களா, தள்ளிப்போகுமா என்று டீக்கடையில் தினமும் பட்டிமன்றம். ஃபில்டர் குழாய்க்கிணறு வைத்திருப்பவர்கள் காத்திருக்கவில்லை, நானும்தான். ஆடுதுறை 45 நெல்லுக்கு நாற்றங்கால் விட்டு எட்டு நாளாகிறது. முளைப்பு பரவாயில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த விடுமுறையில் நான் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை நடத்தினேன். தண்ணீர்த் துப்பாக்கிதான், பதறாதே.

பேரன் பெங்களூரிலிருந்து பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்று கொண்டுவந்திருந்தான். அதன் வாய் சோடா மூடி அளவு. குழாயடியில் அதை நிரப்பி முடிப்பதற்குள் பேத்தி ஒரு சொம்பு தண்ணீரை அவன் தலையில் கொட்டிவிட்டு ஓடிவிடுவாள். நாம் மூங்கில் கணுவில் ஊசித்துளை போட்டு, குச்சியில் துணி சுற்றி பீச்சாங்குழல் செய்தோமே, அதில் இந்தத் தொல்லையே இல்லை. ஆற்றுக்குள் நின்றுகொண்டு இழுத்தால் தண்ணீர், தள்ளினால் அடி. அதைச் 'சிவிறி' என்று பழைய தமிழில் சொல்வார்கள் என்று தமிழய்யா வகுப்பில் சொன்னதும், அன்று மாலையே நாம் அவர் வேட்டியில் சிவிறியதும் ஞாபகம் இருக்கிறதா?

பேரனிடம் அந்தக் கதையைச் சொன்னால் அவன் பதிலுக்கு ஒரு கதை வைத்திருக்கிறான். சூப்பர் சோக்கர் என்ற துப்பாக்கியைக் கண்டுபிடித்த லோனி ஜான்சன், அமெரிக்க விமானப்படையிலும் நாசாவிலும் வேலை பார்த்த பொறியாளராம். 1982இல் வீட்டுக் குளியலறையில் வேறு ஏதோ குளிர்விக்கும் கருவிக்காக முனை ஒன்றைச் சோதித்தபோது தண்ணீர் அறையைத் தாண்டிப் பீய்ச்சியிருக்கிறது. 1990இல் கடைக்கு வந்தது. காற்றை அடைத்து, அந்தக் காற்றே தண்ணீரைத் தள்ளும்படி செய்ததுதான் சூட்சுமம். பின்னால் வந்த சில துப்பாக்கிகளைத் தோட்டத்து ஹோஸிலேயே நேராக மாட்டி நிரப்பலாமாம். "தாத்தா, நம்ம வீட்டிலும்தான் ஹோஸ் இருக்கே" என்றான். முப்பது வருஷம் மோட்டார் ரிப்பேர் பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ஒன்றரை இன்ச் பிவிசி குழாய் இரண்டடி. பின்பக்கம் மூடி ஒட்டினேன். முன்பக்கம் ஒரு டீ, அதுதான் மூன்று வாய் இணைப்பு. டீயின் ஒரு வாயில் கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும் அரை இன்ச் 'பால்' வால்வு, அதன் நுனியில் துளை போட்ட மூடி. இன்னொரு வாய் தண்ணீர் ஏற்ற. உள்ளே ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். தண்ணீர் ஏற்றும் வாயில் என்.ஆர்.வி., அதாவது தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு வேண்டும், இல்லாவிட்டால் ஹோஸைக் கழற்றியதும் வந்த வழியே எல்லாம் கொட்டிவிடும். ஊரிலுள்ள ஃபில்டருக்கெல்லாம் என்.ஆர்.வி. மாட்டிய நான், இதில் அம்புக்குறியைத் திருப்பி மாட்டிவிட்டேன். மரை இறுக்கி, டேப் சுற்றி, கால் மணி நேரம் தண்ணீர் ஏன் ஏறவில்லை என்று ஹோஸை உதறிக்கொண்டிருந்தேன். பேத்திதான் அம்பைக் காட்டினாள். இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது.

ஹோஸை மாட்டிக் கழற்ற, மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து எப்போதோ வாங்கி வந்த பித்தளை ஜோடி ஒன்று பெட்டியில் கிடந்தது. தள்ளினால் 'கிளிக்' என்று பிடிக்கும், வளையத்தை இழுத்தால் விடும். அழகான சாமான். ஆனால் நம் குழாயில் ஒரு சுற்றுதான் ஏறியது, பிறகு கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இதுவும் முக்கால் இன்ச், அதுவும் முக்கால் இன்ச், பிறகு என்ன கேடு என்று லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் கேஜை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர்கள் ஹோஸ் மரை இன்ச்சுக்குப் பதினொன்றரை, நம் குழாய் மரை இன்ச்சுக்கு 14. "ஊருக்கு ஊர் படியே மாறுது, நாட்டுக்கு நாடு மரை மாறாதா" என்றார். மரையை மறந்துவிட்டு, ஒரு இன்ச் ஹோஸ் துண்டை வெந்நீரில் போட்டு இளக்கி, அதற்குள் இரண்டு பக்கமும் சொருகி, இரும்புக் கிளிப் போட்டு முறுக்கினேன். சொட்டுக் கசியவில்லை.

மாடித் தொட்டித் தண்ணீரில் முதல் சோதனை. மூன்று நொடியில் 'சர்ர்' என்ற சத்தம் நின்றது. பேரன் வால்வைத் திறந்தான். இருபதடி போனது, ஆனால் இரண்டு மூச்சில் தீர்ந்துவிட்டது. சொம்பில் பிடித்து அளந்தால் 300 மில்லிதான். ஒரு லிட்டர் குழாயில் மீதி எங்கே?

பத்தாம் வகுப்பில் வாத்தியார் உன்னை எழுப்பிவிட்டு 'பாயில் விதி' கேட்டாரே, அழுத்தம் ஏற ஏறக் காற்று சுருங்கும் என்று, அதுதான் இது. தொட்டி தரையிலிருந்து ஐந்து மீட்டர். பத்து மீட்டருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்றால் இங்கே அரைக் கிலோ. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஒரு கிலோ. இரண்டும் சேர்ந்து ஒன்றரை. குழாய்க்குள் ஏற்கெனவே இருந்த காற்று மூன்றில் இரண்டு பங்காகத்தான் சுருங்கும். தண்ணீருக்குக் கிடைக்கும் இடம் மூன்றில் ஒன்று. கணக்கும் சொம்பும் ஒத்துப்போனதில் எனக்கு வந்த சந்தோஷம் பேரனுக்கு வரவில்லை. அவனுக்கு இன்னும் தூரம் வேண்டும்.

தோட்டத்து ஒரு ஹெச்.பி. மோட்டாரில் நேராக மாட்டினேன். இங்கேதான் புத்தி கெட்டது. குழாய் நிரம்பியதும் தண்ணீருக்குப் போக வழியில்லை, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. மோட்டார் வாயில் இருந்த பழைய கிளிப் விட்டது. ஹோஸ் பாம்பு மாதிரி எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, முற்றத்தில் கயிற்றுக்கட்டிலில் வேட்டி விரித்துப் பிழிந்திருந்த கூழ் வடாம் மேல் விழுந்தது. இரண்டு படி அரிசி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கிளறியது. மோட்டாரை நிறுத்த நான் ஓடுவதற்குள் கட்டில் முழுக்கக் கஞ்சி. பாதி காய்ந்தவை மட்டும் வேட்டியில் நத்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. உன் தங்கச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மதியம் எனக்கு மட்டும் அப்பளம் வைக்கவில்லை, அவ்வளவுதான். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிவிசி குழாய் தண்ணீருக்கென்று செய்தது. அடைபட்ட காற்று உள்ளே இருக்கும்போது உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். வெயிலில் வெளுத்த குழாய் இன்னும் மோசம். சைக்கிள் பம்ப் வைத்துக் காற்றடிக்கலாமா என்று பேரன் கேட்டபோது கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். புதுக் குழாயே போட்டு, அதற்கும் மேலே லாரி டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன். முகத்தைப் பார்த்து அடித்தால் அன்றோடு ஆட்டம் முடிந்தது என்பது சட்டம்.

இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்த வழியைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை நீளம் எழுதுகிறேன். மோட்டார் வாயில் ஒரு டீ போட்டேன். ஒரு கிளை தென்னம்பாத்திக்கு, எப்போதும் திறந்தே இருக்கும். மற்றொன்று துப்பாக்கி ஹோஸுக்கு. தென்னைக் கிளையில் கேட் வால்வு, பக்கத்தில் பழைய பிரஷர் கேஜ். வால்வைத் திருகித் திருகி முள்ளை ஒரு கிலோவில் நிறுத்தினேன். இப்போது பிள்ளைகள் ஹோஸை மூடினாலும் திறந்தாலும் தண்ணீர் தென்னைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அழுத்தம் ஏற வழியில்லை, கிளிப்பும் விடாது. ஒரு கிலோ என்றால் காற்று பாதியாகச் சுருங்கும். அரை லிட்டர் தண்ணீர். முன்னைவிடத் தூரமாக அடிக்கிறது. முதலில் ஆணியைக் காய்ச்சிக் குத்திய துளையில் தண்ணீர் விசிறியாகச் சிதறியது. டிரில்லில் 4 மில்லிமீட்டர் பிட் போட்டுச் சுத்தமாகத் துளைத்த பிறகுதான் கயிறு மாதிரி போகிறது. வால் பக்கத்தை அக்குளில் உயர்த்தி, முனையைச் சற்றே தாழ்த்திப் பிடிக்க வேண்டும். மல்லாத்திப் பிடித்தால் காற்று முந்திக்கொண்டு 'புஸ்' என்று போய்விடும், தண்ணீர் உள்ளேயே நிற்கும். பேத்தி இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு மூன்று நாளாயிற்று.

ஆறு காய்ந்து கிடக்கும்போது இப்படித் தண்ணீர் விளையாட்டா என்று நீ கேட்பாய். கேட்டாள் உன் தங்கச்சியும். வாளியில் முக்கி நிரப்பியபோது பாதி மண்ணில்தான் போனது. இதில் சிந்துவது கிடையாது. ஆனால் நிரப்புவது சுலபம் என்பதால் பத்து மடங்கு அடிக்கிறார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். யுத்தகளத்தைத் தென்னைக்கும் கத்தரிக்கும் நடுவில் மாற்றிவிட்டேன். கத்தரி இரண்டு செடி ஒடிந்தது, மற்றதெல்லாம் தழைத்து நிற்கிறது.

வடாம் மறுபடி போட்டாயிற்று. இந்த முறை மாடியில். காவலுக்கு நான், காக்காய் ஓட்டத் துப்பாக்கியோடு. அதற்கு அனுமதி கிடைத்துவிட்டது, அப்பளமும் திரும்பிவிட்டது.

ஆடிப்பெருக்குக்கு வருகிறாய் அல்லவா? கால் இடம் கொடுத்தால் படித்துறை வரை போகலாம், இல்லாவிட்டால் கரையில் நாற்காலி போடுகிறேன். பிள்ளைகள் அந்த வாரக் கடைசியில் லீவு போட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது துப்பாக்கிக்குக் குழாய் அறுத்து வைத்திருக்கிறேன். என்.ஆர்.வி.க்குள் வைக்கும் ரப்பர் வாஷர் இங்கே கிடைப்பது இரண்டு நாளில் ஊறிப்போகிறது. உங்கள் ஃபேக்டரிப் பக்கம் நல்ல கறுப்பு ரப்பர் கிடைக்குமே, அரை இன்ச் அளவில் நாலு வாங்கி வா. அம்புக்குறியை இந்தத் தடவை நீயே பார்த்து மாட்டு.

உன்,
குட்டை