நிதி திரட்டினால் போதுமா?

ஆசிரியருக்கு,

புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் உறுப்பினருக்காக, பொழுதுபோக்காகக் குறும்படம் எடுக்கும் குழுவொன்று நிதி திரட்டிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல காரியம்தான். ஆனால், பணத்தை ஒப்படைத்ததோடு குழுவின் பங்கு முடிந்துவிட்டது என்ற தொனி அதில் இருந்தது. அதை என்னால் ஏற்க இயலவில்லை. இத்தகைய குழுக்களிடம் பணம் எப்போதும் குறைவு. ஆட்களையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தும் பழக்கமோ தாராளமாக உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாட்கள் எனப் பல வாரங்கள் நீளும். எங்கள் குறும்படக் குழுவின் ஒளிப்பதிவாளர் இப்படி நோயுற்றபோது, படப்பிடிப்புக்குப் போடும் அட்டவணையையே மருத்துவமனைப் பயணத்துக்கும் போட்டோம்: யார் வண்டி ஓட்டுவது, யார் உடனிருப்பது, யாராவது வராவிட்டால் மாற்று யார். கேமராவைத் தூக்க முடியாத அவர், தெம்பிருந்த நாட்களில் வீட்டிலிருந்தே படத்தொகுப்பைக் கவனித்தார். ஓய்வெடுக்கச் சொன்னவர்களைவிட, ஒரு காட்சியை எங்கே வெட்டலாம் என்று கேட்டவர்களிடம்தான் அவர் உற்சாகமாகப் பேசினார்.

கீமோதெரபியின்போது வெள்ளணுக்கள் குறைந்து தொற்று எளிதில் பற்றும் என்பதால், நலம் விசாரிக்கக் கும்பலாகப் போய் நிற்பதையும் (நம்மவர்களுக்கு இதில் ஆர்வம் அதிகம்) தவிர்க்க வேண்டும். குடும்பத்தாரிடம் தேவையைக் கேட்டுப் பிறருக்குச் சொல்ல ஒருவரை மட்டும் குழுக்கள் நியமிக்கட்டும். நோயுற்றவர் விரும்பினால், கெடு வைக்காத வேலை ஒன்றையும் அவருக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்